இடது இமையின் பள்ளம்

என் இடது கண் செயற்கைக் கண். போரின் கடைசிக் காலத்தில், எங்கள் ஊரான நானாட்டானிலிருந்து இடம்பெயர்ந்து வேறொருவர் காணியில் இருந்தபோது, பதின்மூன்று வயதில் ஷெல் துண்டு பட்டு அந்தக் கண் போனது. செயற்கைக் கண் வைத்த முதல் சில வருடங்கள் உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பிறகு மேலிமை மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. புருவத்துக்குக் கீழே யாரோ பெருவிரலால் அமுக்கிவிட்டதுபோல ஒரு பள்ளம்.

எனக்கு அது பழகிவிட்டது. மன்னார் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். அடையாள அட்டைக்குப் படம் எடுப்பேன், கலியாண ஆல்பங்களில் பொம்பிளைமாரின் முகப்பருவை அழிப்பேன். ஒருநாள் கூட வேலை செய்கிற பிள்ளை என்னைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் என் இடது இமையை நிரப்பி ஃபோனுக்கு அனுப்பியிருந்தாள். பகிடிக்குத்தான். கீரிக் கடற்கரைப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்குப் போனதும் அதை அம்மாவிடம் காட்டினேன். நாங்கள் இரண்டு பேர்தான், அப்பா இல்லை.

அம்மா ஃபோனைக் கிட்டப் பிடித்தும் எட்டப் பிடித்தும் பார்த்தார்.

"இதை உண்மையாய்ச் செய்யேலாதோ?"

"எனக்கு முப்பதாகுது அம்மா. இனி ஆர் கேட்டு வரப்போகினம்?"

"கலியாணத்துக்குச் சொல்லேல்லை, பிள்ளை."

வேறெதற்கு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் விடவும் இல்லை. ஞாயிறு பூசைக்குப் போகும் வழியில் கேட்பார், மீன் வெட்டும்போது கேட்பார். கடைசியில் அவருக்காகத்தான் கொழும்புக்குப் போனோம்.

கண் டொக்டர் தமிழ் பேசுகிற ஒரு பொம்பிளை. செயற்கைக் கண்ணைக் கழற்றிப் பார்த்தார், இரண்டு இமைகளையும் தொட்டுப் பார்த்தார். கண்ணை எடுத்தவர்களுக்கு உள்ளே இருக்கிற கொழுப்பு வற்றி, இடம் மாறி, இப்படிப் பள்ளம் விழும் என்றார். பெரிய செயற்கைக் கண் போட்டால் கொஞ்சம் மறையும். ஆனால் பாரத்தில் கீழிமை தொய்ந்துவிடும். உள்ளே ஏதாவது வைத்து நிரப்புவதென்றால் பெரிய ஒபரேஷன். வயிற்றிலிருந்து கொழுப்பு எடுத்து இமைக்குள் ஏற்றலாம்; எவ்வளவு நிற்கும், எவ்வளவு கரையும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இல்லாவிட்டால் ஜெல் மாதிரி ஒரு ஊசி மருந்து. பிடிக்காவிட்டால் கரைத்துவிடலாம், விட்டாலும் ஒரு வருடம் போல இருந்து தானாகக் கரையும்.

"ஒண்டும் செய்யாமலும் இருக்கலாம். தடிச்ச ஃபிரேம் போட்ட கண்ணாடி போட்டாலே பாதி மறைஞ்சிடும்," என்றார். பிறகு பைலைத் திறந்து, "இது எப்பிடி நடந்தது?" என்று கேட்டார்.

வழக்கம்போல, "ஷெல்" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா பேசத் தொடங்கிவிட்டார்.

"இவள் பங்கர்க் குழிக்குள்ளதான் இருந்தவள். நான்தான் கூப்பிட்டனான். சத்தம் நிண்டிட்டுது எண்டு நினைச்சு, கஞ்சி ஆறப்போகுது வா எண்டு கூப்பிட்டனான். மாட்டன் எண்டவள். நான் ஏசினனான். ஏசின பிறகுதான் ஏறி வந்தவள்."

டொக்டர் எழுதுவதை நிறுத்தினார். எனக்கு அந்த நாள் முழுக்கவே ஞாபகத்தில் இல்லை. ஆஸ்பத்திரிக் கூரையிலிருந்துதான் என் ஞாபகம் தொடங்குகிறது. அம்மா ஏசியதும் தெரியாது, நான் மாட்டேன் என்றதும் தெரியாது. இத்தனை வருடமும் அதை அவர் தனியே மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிடவே மாட்டார். சோற்றைக் கோப்பையில் போட்டு மூடி வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். அது அவருடைய பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஊசி மருந்தையே எடுத்தேன். இமை மரத்துப்போகக் கிறீம் பூசி, மெல்லிய குழாய் ஊசியால் துளித்துளியாக விட்டார்கள். வெளியே அம்மா செபமாலையோடு இருந்தார். சில நாட்களில் வீக்கம் வற்றியதும் கண்ணாடியில் பார்த்தேன். பள்ளம் இல்லை. அன்றைக்கு நான் கண்ணாடியை விட்டு நகரவே இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஸ்டூடியோவில் கமராவை என் பக்கம் திருப்பி, நானே என்னைப் படம் எடுத்தேன்.

அம்மா மட்டும் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டார். பேசும்போது சுவரைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு கிழமை பொறுத்தேன். ஒரு பின்னேரம், உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவருக்கு முன்னால் போய் இருந்தேன்.

"நீங்கள் கேட்டுத்தானே அம்மா செய்தனான். வடிவில்லையோ?"

"வடிவுதான்."

"பிறகென்ன?"

மடித்த சட்டையை மறுபடி விரித்தார். "அண்டைக்குக் காலமை இருந்த முகம் இது. பங்கருக்குள்ளயிருந்து ஏறி வந்த முகம். பள்ளம் இருக்கேக்க, நடந்தது நடந்து முடிஞ்சுபோச்சு எண்டு இருக்கும். இப்ப உன்னைப் பாக்க, இனித்தான் நடக்கப்போகுது எண்டு நெஞ்சு அடிக்குது, பிள்ளை."

"நீங்கள் கூப்பிடாட்டியும் பசிக்கு நான் வந்திருப்பன் அம்மா," என்றேன்.

"இல்லை," என்றார். "நீ மாட்டன் எண்டனி."

நான் எழும்பி வெளியே போய்க் கடற்கரையில் நின்றேன். அவருக்கு அந்த முகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு கொழும்புக்குப் போயிருந்தேன்.

அந்த ஊசி மருந்து ஒரு வருடத்துக்கு மேல் நின்றது. பிறகு கரையத் தொடங்கியது. மறுபடி போட நாள் குறிக்கவா என்று கிளினிக்கிலிருந்து ஒரு பிள்ளை ஃபோன் எடுத்துக் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். எனக்கு ஆசை இருந்தது. அந்த முகத்தோடு வாழ்ந்த மாதங்கள் எனக்குப் பிடித்திருந்தன. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்காத மாதங்கள். அம்மாவிடம் கேட்டேன்.

"உனக்கு விருப்பமெண்டால் போ," என்றார். வெங்காயம் உரித்த கை நின்றுபோயிருந்தது.

நான் போகவில்லை. காலையில் கண்ணைக் கழுவி மாட்டும்போது விரலால் தடவிப் பார்க்கிறேன்; புருவத்துக்குக் கீழே எலும்பு மறுபடி தட்டுப்படுகிறது. அம்மா இப்போது என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்.