அம்மா மறைக்காத சிலுவை

எங்கள் அம்மாவுக்குத் திமிர் அதிகம் என்று மானாம்பதிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். அந்தத் திமிரில் பாதியாவது எனக்கு வந்திருக்கிறது என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை.

எண்பதுகளின் தொடக்கம். உத்திரமேரூரிலிருந்து பஸ் பிடித்து வர வேண்டிய ஊர் எங்களுடையது. தெருவில் கொஞ்சம் கத்தோலிக்கக் குடும்பங்கள், எல்லோருக்கும் பனையோலைக் கூரை. எங்கள் கூரை தனி ரகம். வெயில் காலத்தில் படுத்தபடியே வானத்தைப் பார்க்கலாம், மழைக்காலத்தில் உட்கார்ந்தபடியே குளிக்கலாம். அப்பா களத்தில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்ட பிறகு ஓலை மாற்ற மேலே ஏற முடியவில்லை.

அப்போதுதான் சர்க்கார் ஏரிக்கரைப் பக்கம் எங்களைப் போன்ற ஆதிதிராவிடர்களுக்குத் தளம் போட்ட மெத்தை வீடு கட்டித் தர ஆரம்பித்தது. இந்து என்றால் வீடு உண்டு. கிறிஸ்தவர் என்றால் கிடையாது. பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில் ஒரு மதம், மாதா கோயிலில் ஒரு மதம் என்று இருப்பது எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. பிழைக்க வேண்டுமே. அதிகாரி விசாரிக்க வருகிறார் என்றால் சுவரில் இருக்கும் திரு இருதய ஆண்டவர் படம் டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். எங்கள் தாலியில் சிலுவை பொறித்திருக்கும் என்பதால் பெண்கள் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வார்கள்.

அதிகாரி எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் அப்பா அம்மாவிடம் கிசுகிசுத்தார். “இன்னாமே, கொஞ்ச நேரம் முந்தானைய இழுத்து வுட்டுக்கோ. மத்தத நான் பேசிக்கிறேன்.”

அப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். ஒழுகுகிற வீட்டில் ஈரப்பாயில் புரண்டு படுக்கும்போது அவர் முனகியதைக் கேட்டவள் நான்.

வந்தவர் நல்ல மனிதர். கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு, “இந்துன்னு எழுதிக்கட்டுமாம்மா?” என்று அவரே எடுத்துக் கொடுத்தார்.

அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். தாலியை எடுத்து வெளியே விட்டாள்.

“இதுல இன்னா கீதோ அதயே எழுதிக்கோங்க சார்.”

“வீடு கிடைக்காதும்மா. யோசிச்சு சொல்லுங்க.”

“யோசிச்சுதான் சொல்றேன். ஓலை வூட்ல இத்தினி நாளு காப்பாத்தினாரு, இனிமேலும் காப்பாத்துவாரு. அவரயே இல்லன்னு சொல்லிட்டு எந்த வூட்ல போயி நான் நிம்மதியா படுக்கறது?”

அதிகாரி அடுத்த வீட்டுக்குப் போனார்.

அடுத்த வீடு சித்தப்பாவுடையது. சின்னம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள், தலையாட்டினாள், வீடு கிடைத்தது. குடிபோகிற நாளில் அவர்களுடைய சட்டிபானையைச் சுமந்துகொண்டு போய் வைத்ததே அம்மாதான். நான் ஏதோ இளக்காரமாகச் சொல்லப்போய் முதுகில் ஒன்று வாங்கினேன். “அவ கைக்கொயந்த வச்சிக்கினு கீறா. ஒனக்கு இன்னா தெரியும்?” அம்மாவின் திமிர் அவளுடைய சாமியைப் பற்றியது மட்டும்தான், அடுத்தவரைப் பற்றியது இல்லை.

அக்டோபர் வந்தது. எங்களுக்கு அது ஜெபமாலை மாதம். கோயிலிலிருந்து மாதா சுரூபத்தை எடுத்து வந்து, ஒவ்வொரு சாயங்காலமும் ஒரு வீட்டில் வைத்து, எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்வோம். மறுநாள் அடுத்த வீட்டுக்காரர் வந்து தூக்கிக்கொண்டு போவார். அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்த மாதாவைத் தூக்க யாரும் வரவில்லை. அடுத்த முறை சின்னம்மாவுடையது. மெத்தை வீட்டில் மாதாவை வைத்து ஜெபம் சொல்லி, யாராவது சர்க்காருக்கு எழுதிப்போட்டு, வீடு பறிபோய்விட்டால்? அந்தப் பயம்.

“இருக்கட்டும். வர்ற வரிக்கும் இங்கயே இருப்பா,” என்றாள் அம்மா.

அன்றைக்குச் சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கூரை, மாதாவை வைத்திருந்த பீடத்துக்கு நேர் மேலேயே பொத்துக்கொண்டு ஊற்றியது. வீட்டில் இருந்த ஒரே குடையை அப்பா எடுத்து விரித்தார். இடுப்பு வலிக்க நின்றபடியே மாதாவுக்கு மேல் பிடித்தார். அம்மாவும் நானும் முழங்கால்போட்டு, முக்காடு நனைய, அருள் நிறைந்த மரியே சொன்னோம். அப்பாவின் குரல்தான் அன்று உரக்கக் கேட்டது.

குழந்தைக்குச் சுக்குக் கேட்க வந்த சின்னம்மா வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். எவ்வளவு நேரம் நின்றாளோ தெரியாது. ஜெபம் முடிந்து திரும்பினால் அழுதுகொண்டிருந்தாள்.

“அக்கா, மாதாவ குடு. இன்னிக்கு என் வூட்டு முறை.”

“மய வுடட்டும். அவசரமில்ல,” என்றாள் அம்மா.

“இல்லக்கா. இப்பவே.”

மாதாவை மார்போடு அணைத்துத் தூக்கினாள். அப்பா குடையோடு கூட நடந்தார். ஏரிக்கரைக் காலனியில் எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். சின்னம்மா யாருக்காகவும் முந்தானையை இழுத்துவிடவில்லை. மெத்தை வீட்டின் முன்னறையில் மாதாவை வைத்தாள், பெட்டியைத் திறந்து ஆண்டவர் படத்தை எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டினாள். கதவைத் திறந்துபோட்டே மறுபடி ஜெபமாலை சொன்னோம்.

முடிந்ததும், “இங்கயே படுத்துக்கோங்க, அங்க ஒயுவுது,” என்று சின்னம்மா கெஞ்சினாள். அப்பாவையும் என்னையும் அங்கே படுக்கச் சொல்லிவிட்டு, “எனக்கு என் வூட்ல படுத்தாதான் தூக்கம் வரும்,” என்று அம்மா மட்டும் கிளம்பினாள். அப்பா அவளைத் தனியாக விடவில்லை. குடையை விரித்து, இந்த முறை அம்மாவின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.