இருபத்தைந்து பாகைச் சூட்டில் வளர்ந்தது

நுவரெலியாவில் ஓர் ஆய்வுகூடத்தில் நான் உதவியாளர். மரக்கறிச் செடிகளின் வேரில் கூடுகட்டும் நுண்புழுக்களின் முட்டைகளைத் தின்னும் பூஞ்சணம் ஒன்றை அங்கே வளர்க்கிறோம். அவித்த அரிசியில் அதைக் கலந்து, இருபத்தைந்து பாகைச் சூட்டில் பெட்டிக்குள் வைத்தால் பத்து நாளில் அரிசியெல்லாம் வெள்ளை பூத்துவிடும். முதல்முறை நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, அதன் இழைகள் ஒரு முட்டையைத் துளைத்து உள்ளே போயிருந்தன. எனக்கு உடனே அக்காவின் நினைவு வந்தது.

அக்கா அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தாள். அத்தான் இறந்த பிறகு, குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் கரட்டும் போட்டாள். இரண்டு போகமாகக் கிழங்குகள் கவடுவிட்டு, வேரெல்லாம் முடிச்சாக வந்தன. அதே புழுக்களின் வேலை; கடையில் சொன்ன புழு மருந்தை வாங்கி வைத்திருந்தாள்.

ஆய்வுகூடத்தை நடத்தும் மேடத்திடம் கேட்காமல் இரண்டு பை பூஞ்சண அரிசியை அவளுக்குக் கொண்டுபோனேன். கேட்டிருந்தால் தந்திருக்கமாட்டார். வெளி மண்ணில் அதை நாங்கள் இன்னும் சோதித்திருக்கவில்லை.

"மருந்தையும் சேத்துப் போடவா?" என்று கேட்டாள்.

"வேணாங்க்கா. அது இதையும் கொன்னுரும்."

உடனே மருந்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இருவருமாகக் குனிந்து பாத்தி பாத்தியாக அரிசியைத் தூவினோம்.

அந்தப் போகம் முந்தியதைவிட மோசம். சந்தைக்கு ஒரு மூட்டைகூடத் தேறவில்லை. மண் சரியில்லை போலிருக்கிறது என்றாள், அவ்வளவுதான். சில மாதங்களில் நிலத்தைப் பக்கத்து வீட்டாரிடம் விட்டுவிட்டு, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள்.

அவள் போன பிறகுதான் மேடம் குளிர்ச் சோதனையைத் தொடங்கினார். பதினைந்து பாகையில் வைத்த தட்டுகளில், மூன்று வாரமாகியும் பூஞ்சணம் விரல் நகத்தளவே படர்ந்திருந்தது. முட்டைகள் முழுசாகக் கிடந்தன. அக்காவின் பாத்திகளில் மண் அந்தக் குளிரில்தான் இருந்திருக்கும். அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதும்போது ஒரே எண்ணை இரண்டு தடவை எழுதி வெட்டினேன். மேடம் கவனித்து, சுகமில்லையா என்று கேட்டார். தடிமன் காய்ச்சல் என்றேன்.

அன்று மாலை அக்காவைப் போனில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மருந்தையே போடவிட்டிருந்தால் அவள் போயிருக்கத் தேவையில்லை என்றும் சொன்னேன்.

"நீ வேணும்னா செஞ்ச? விடு," என்றாள்.

அதற்குள் அவள் வேலைசெய்யும் வீட்டு அம்மா கூப்பிட, போனை வைத்துவிட்டாள். இரண்டு வருடத்தில் வருவதாகச் சொல்லிப் போனவள், போன மாதம் ஒப்பந்தத்தை நீட்டிவிட்டாள்.