ஊதாங்குழல் எடுத்துப் போன வகுப்பு

ஒரு முழ நீள இரும்புக் குழாய். ஒரு முனை தீயில் கறுத்தது, மறு முனை உதடு பட்டுப் பட்டு வழவழத்தது. ஊர் மாறியபோதெல்லாம் பானை, பாய் என்று எத்தனையோ பொருளை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். இந்த ஊதாங்குழலை மட்டும் விட்டதில்லை. என் மகள் உயிரோடு பிறந்ததில் இதற்கும் பங்குண்டு. இதை எனக்குக் கொடுத்தவள் என் கணவரின் அண்ணன் மனைவி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கல்யாணமான பிறகும் ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. கலேவெலச் சந்தையில் வெங்காய மூட்டை கட்டினோம், சீகிரியாப் பக்கம் ரோட்டுக்குக் கல் உடைத்தோம். கல் உடைத்த இடத்துக் கொட்டிலில்தான் முதல் பிள்ளை பிறந்தது. கொடி கழுத்தில் சுற்றி, மூச்சில்லாமல் வந்தது. அங்கேயே அடக்கம் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனோம். மறுபடி உண்டானபோது, இந்தப் பிள்ளையாவது அழுதுகொண்டு கைக்கு வரவேண்டும் என்று உக்குவளைக்கு அக்கா வீட்டைத் தேடி வந்தேன். அவளுக்கு ஐந்து பிள்ளைகள். ஆறாவது வயிற்றில் இருந்தது, நாள் கணக்கில் எனக்குக் கொஞ்சம் பின்னால்.

அரசாங்க மருத்துவிச்சி பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வகுப்பு வைக்கிறாள் என்று அங்கேதான் கேள்விப்பட்டேன். அவள் சிங்களப் பெண், ஊருக்கெல்லாம் மிஸ்ஸி. வகுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. விட்ட பள்ளிக்கூடம் திரும்பக் கிடைத்த மாதிரி, தலையை இழுத்துச் சீவிப் பூ வைத்துக்கொண்டு நின்றேன். அக்கா கைதட்டிச் சிரித்தாள். “அஞ்சு பெத்தவளுக்குப் பாடமாம்! நான்ல அந்த மிஸ்ஸிக்குப் பாடம் எடுக்கணும்?” என்றாள். “எனக்குப் பயமா இருக்குக்கா” என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டுப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

மிஸ்ஸியின் கிளினிக் விறாந்தையில் பாய் விரித்து எங்களை உட்கார வைத்திருந்தார்கள். மிஸ்ஸி ஒரு துணிப் பொம்மையின் கழுத்தில் நாடாவைச் சுற்றிக் காட்டினாள். தலை தெரிந்ததும் தள்ளுவதை நிறுத்த வேண்டும், கொடி சுற்றியிருந்தால் அந்த நேரத்தில்தான் கழற்ற முடியும் என்றாள். கொட்டிலில் இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. பிறகு பழகிப் பார்க்கச் சொல்லி, “தள்ளு கரன்ன எப்பா!” என்று கத்தினாள். பாயிலிருந்த அத்தனை பேரும் பல்லைக் கடித்து முக்கினோம். மிஸ்ஸி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

சிங்களத்தில் கரன்ன என்றால் செய்ய, எப்பா என்றால் வேண்டாம் என்று உக்குவளையில் யாருக்குத் தெரியாது? ஆனால் தள்ளு என்ற சொல் இரண்டு பாஷைக்கும் ஒன்று, அது முன்னால் வந்துவிடுகிறது. “மிஸ்ஸி, நோவு நேரத்துல முதல் சொல்லுதான் காதுல விழும். கடைசிச் சொல்லு வர்றதுக்குள்ள பிள்ளை வந்துரும்” என்றாள் அக்கா. மிஸ்ஸி விடவில்லை. “சரி, நீங்க தமிழ் அம்மாமார் எல்லாம் பிள்ளை பெறுற நேரம் ஏன் எப்பா எப்பான்னு கத்துறது? வாற பிள்ளைய வேணாம்னு சொல்றதா?” அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “ஐயோ மிஸ்ஸி, அது அப்பாவைக் கூப்பிடுறது!” மிஸ்ஸிக்கும் சிரிப்பு அடங்கவில்லை. இத்தனை வருஷமும் அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

தள்ளாமலிருக்க மெழுகுதிரி அணையாத மாதிரி மெதுவாக ஊத வேண்டும் என்று மிஸ்ஸி சொன்னது எங்களுக்குப் பிடிபடவில்லை. திரும்பி நடக்கும்போது அக்கா பாதி வழியில் நின்றாள். “அஞ்சு தடவையும் தள்ளு தள்ளுன்னுதான் சொன்னாங்கடி. நிறுத்துன்னு ஒருத்தியும் சொல்லல. அஞ்சு தடவையும் கிழிஞ்சிச்சு” என்றாள். அடுத்த வகுப்புக்கு என்னை முந்திக்கொண்டு கிளம்பினாள், இடுப்பில் ஊதாங்குழலோடு. “ஈர விறகுக்கு எப்படி ஊதுவீங்க? பலமா ஊதினா சாம்பல் மூஞ்சியில அடிக்கும். சின்னச் சின்னதா ஊதணும். அதுதான் மிஸ்ஸி சொல்றது” என்று குழலை ஒவ்வொருத்தி வாயிலும் வைத்தாள். எல்லோருக்கும் சட்டென்று விளங்கிவிட்டது. மிஸ்ஸியும் வாங்கி ஊதிப் பார்த்தாள்.

எனக்கு நோவு கண்டது ஒரு காலை நேரம், அக்கா வீட்டு அறையில். ஆள் அனுப்பி மிஸ்ஸியைக் கூட்டி வந்தார்கள். தலை தெரிந்ததும் மிஸ்ஸியின் முகம் மாறியது. கொடி, இந்தப் பிள்ளைக்கும் கழுத்தில்! அவசரத்தில் அவளுக்குத் தமிழ் மறந்துவிட்டது. “தள்ளு கரன்ன எப்பா!” என்றாள். என் உடம்பு தள்ளு என்பதைப் பிடித்துக்கொண்டு முறுக்கியது. அதற்குள் அக்கா குழலை என் வாயில் வைத்து, “அடுப்ப ஊதுடி! ஈர விறகு! சாம்பல் பறக்கக் கூடாது!” என்று கத்தினாள். ஊதினேன். உலகத்து ஈர விறகெல்லாம் என் முன்னால் கிடந்தது போல ஊதினேன். மிஸ்ஸியின் விரல் கொடியைத் தூக்கித் தலைக்கு மேலாக எடுத்துவிட்டது. “இப்ப தள்ளு!” என்றாள். நீலம் பாரித்து வந்த பெண்பிள்ளை ஒரு கணம் சும்மா கிடந்தது. அப்புறம் அழுதது பாருங்கள், தெருவே கேட்டிருக்கும்!

அக்காவின் முறை வந்தபோது குழலை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். பாடம் சொன்னவளே அதைத் தட்டிவிட்டு, “எப்பா! எப்பா!” என்று ஊரைக் கூட்டினாள். மிஸ்ஸி ஒவ்வோர் எப்பாவுக்கும் சளைக்காமல், “ஓன! ஓன!” என்று பதில் கத்தினாள். ஓன என்றால் வேண்டும். நோவுக்கு நடுவிலும் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் தள்ளுவது நின்று, ஆறாவது பிள்ளை நோகாமல் நழுவி வந்தது. ஒரு கிழிசலும் இல்லை. “இது ஒண்ணுதான் படிச்சுப் பெத்தது” என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் அங்கிருந்து கிளம்பிய அன்று குழலை என் மூட்டையில் செருகிவிட்டாள்.

இப்போது என் மகள் அதை ஊதுகிறாள். அவளுக்குப் பொறுமை கிடையாது. பலமாக ஊதி, சாம்பல் கண்ணில் அடித்ததும், “எப்பா!” என்று அலறுவாள். நான் எங்கே நின்றாலும், “ஓன!” என்று குரல் கொடுப்பேன்.