தறிக்காரரின் புல்லாங்குழல்

ஆறுச்சாமிக்குப் புல்லாங்குழல் ஆசையைக் கொடுத்தது மின்வெட்டுதான். பல்லடம் பக்கத்துத் தறிக் குடோன்களில் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்த வருஷங்கள் அவை. இருபத்துநாலு தறியும் ஒரே நொடியில் நின்றுவிடும். நின்ற பிறகும் காதுக்குள் கொஞ்ச நேரம் தறி ஓடிக்கொண்டிருக்கும். அது அடங்கியதும், குடோனுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து, தறி ரிப்பேர் பார்க்கும் பிட்டர் ரசாக் குழல் ஊதுவது கேட்கும்.

"எனக்குங் கத்துக் குடேன் ரசாக்கு."

"கரண்டு வந்துருமப்பா. போய் உன்ற தறியப் பாரு."

ரசாக் சொன்னது போலவே கரண்ட் வந்தது. வந்த கரண்ட் பிறகு போகவேயில்லை. குடோன் இரவும் பகலும் பன்னிரண்டு மணி நேர ஷிப்டாக ஓடியது. ரசாக் பெருந்துறையில் ஒரு மில்லுக்குப் போய்விட்டான். ஆறுச்சாமி எட்டுத் தறியை ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டு அங்கேயே கிடந்தார். ஆசையும் அவரோடு கிடந்தது.

ஐம்பத்திரண்டு வயதில்தான் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. முதலாளி பழைய தறிகளை எடைக்குப் போட்டார். ஆறுச்சாமி ஒரு நூல் கிடங்குக்கு வாட்ச்மேனாகப் போனார். முதல் மாதமே, பஸ் ஸ்டாண்டு அருகில் செல்போன் கடை மாடியில் நடக்கும் சங்கீத வகுப்புக்குப் படியேறினார்.

உள்ளே பதினோரு குழந்தைகள். வாசலில் நின்ற ஒரு தாய் அவரைப் பார்த்து, "பேரனச் சேக்க வந்தீங்களாங்க?" என்றாள்.

"இல்லீங்க அம்மணி. நானேதான் பேரன்."

டீச்சர் சாய்ப்ரியாவுக்கு இருபத்துநாலு வயது. சிரித்துவிட்டுத்தான் சேர்த்துக்கொண்டாள். மூன்றே மாதத்தில் சிரிப்பு போய் மரியாதை வந்தது. ஒரு விரல் நகர்த்தலைச் சொல்லிக்கொடுத்தால், அடுத்த வாரம் நூறு தடவை ஊதிப் பார்த்துவிட்டு வருவார். அறுந்த இழையை நிமிஷத்தில் முடிச்சுப் போட்ட விரல்கள் துளை தவறவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு பாட்டு முழுசாகக் கைக்கு வந்தது. விஜயதசமியன்று கல்யாண மண்டப மேடையில் மாணவர்கள் ஆளுக்கு ஒரு பாட்டு ஊதுவார்கள். அந்த ஒரு பாட்டை எல்லார் முன்னாலும் ஊதிவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. பழைய குடோன் ஆட்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

பாட்டு மேல் ஸ்தாயிக்குப் போகும் இடம் மட்டும் பிடிபடவில்லை. கீழே இருக்கும்வரை குழல் பேசியது. மேலே போனால் வெறும் காற்றுத்தான் வந்தது. மூச்சுப் போதவில்லை என்று நினைத்து இன்னும் அழுத்தி ஊதினார். "மெதுவாங்கண்ணா, மெதுவா" என்பாள் சாய்ப்ரியா. வயசான ஆளுக்கு நெஞ்சு வலிக்கும் என்று பரிதாபப்படுகிறாள் போலும் என்று நினைத்து அதற்கும் மேலாக அழுத்தி ஊதுவார்.

விஜயதசமிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிறு அவர் சீக்கிரமே வந்துவிட்டார். கண்ணாடிக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சாய்ப்ரியா ஒரு தாயோடு பேசிக்கொண்டிருந்தாள். சத்தம் வெளியே வரவில்லை. தறிக் குடோனில் முப்பது வருஷம் இருந்தவருக்குச் சத்தம் வேண்டியதில்லை. தறி ஓடும்போது யாருடைய குரலும் யாருக்கும் எட்டாது. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில்தான் கண் அவர்கள் உதட்டுக்குப் போனது.

"புள்ள காதப் பொத்திக்குதுங்க டீச்சர். ஊட்டுக்கு வந்தும் அந்தத் தாத்தா கீச்சுனு ஊதறாருன்னு ஒரே அழுக."

"என்னங்கக்கா பண்றது. மேல போனா அவுருக்குக் காதே கேக்கறதில்லீங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மேடையில எப்படி விடறதுன்னும் தெரியல."

அந்தத் தாய் போகும்வரை ஆறுச்சாமி படியிலேயே நின்றார். பிறகு உள்ளே போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"அம்மணி, மேல் ஸ்தாயி ஊதுங்க. நான் கேக்கறேன்."

காத்திருந்தார். மின்விசிறி ஓடியது. கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. சுவரில் ஒட்டியிருந்த காலண்டரில் தேதிகளை எண்ணினார். கடைசியில், "ஏனுங்க, இன்னும் ஆரம்பிக்கலீங்களா?" என்று திரும்பினார்.

குழல் அவள் உதட்டில் இருந்தது. விரல்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றன.

"பக்கத்து ரூம்ல மிருதங்கம் சொல்லித் தர்றாங்கண்ணா. அது உங்களுக்கு..."

"தட்டற சத்தம் முப்பது வருசமாக் கேட்டாச்சுங்க அம்மணி, போதும்" என்றார். குழந்தைகள் வருவதற்குள் இறங்கிவிட்டார்.

வீட்டில் மனைவி முத்தாத்தாள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று வெங்காயம் தாளித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் வேறொரு தறிக் குடோனில் வேலைதான், இருபத்தாறு வருஷமாக. ஆறுச்சாமி கதவோரம் நின்று பையிலிருந்து குழலை எடுத்து மேல் ஸ்தாயியில் அழுத்தி ஊதினார். எதிர்வீட்டு நாய் எழுந்து குரைத்தது. முத்தாத்தாள் கரண்டியைக் கழுவினாள். இன்னொரு தடவை ஊதினார். அவள் உப்பு ஜாடியை எடுத்தாள்.

தோளைத் தொட்டதும் திடுக்கிட்டாள். "எப்ப வந்தீங்க?"

"முத்தா, நெசத்தச் சொல்லு. நான் ஊதறது உனக்குக் கேக்குமா?"

அவள் அடுப்பை அணைத்தாள். "கீழ ஊதறப்ப கொஞ்சம் கேக்குமுங்க. மேல போனா விரலப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். விரலு நல்லாத்தான போவுது."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஊதறத விட்டுப்போடுவீங்க."

குடோனை விட்டு நின்றுவிடச் சொன்னார். "ரெண்டு பேரும் ஊட்ல உக்காந்துட்டு என்ன பண்றதுங்க" என்றாள். மறுநாள் காலை அவள் கிளம்புவதற்குள், நூல் கிடங்கிலிருந்து கொண்டுவந்த கழிவுப் பஞ்சை உருட்டி இரண்டு காதிலும் தானே வைத்து அடைத்துவிட்டார். அவளும் காதைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் திரும்பியபோது காதில் பஞ்சு இல்லை.

"பத்து நிமிசந்தானுங்க வெச்சிருந்தேன். நூலு அறுந்து தறி வெறுமனே ஓடுது, எனக்கு ஒண்ணும் தெரியல. துணியில அரை மீட்டரு ஓட்டை. மொதலாளி வந்து கைநீட்டாத கொற."

"பஞ்ச எடுத்துப்போட்டியா?"

"எடுத்துப்போட்டேன்" என்றாள். "தறிச் சத்தம் கேட்டாத்தானுங்க வேல."