பம்ப் ஹவுஸில் இரண்டாவது ஆள்

ஓய்வு பெற்ற பிறகு நான் நடுவராக உட்கார்ந்த முதல் வழக்கு ஒரு தேயிலை எஸ்டேட்டுடையது. சின்னமனூருக்கு மேலே, மலையில் இருக்கிறது அது. தொழிலாளர் துறையில் இருந்த காலமெல்லாம் நான் சமரசம் பேசியவள். சமரசம் வேறு, நடுவர் வேலை வேறு. சமரசம் பேசுகிறவர் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடக்கலாம். யூனியன்காரர்களோடு டீ குடிக்கலாம். மேனேஜரைத் தனியே கூப்பிட்டு, கொஞ்சம் இறங்கி வாருங்கள் என்று கெஞ்சலாம். நடுவருக்கு அதெல்லாம் கிடையாது. ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டும், கேட்டு முடித்ததும் எழுத வேண்டும்.

நிர்வாகமும் யூனியனும் சில வருடங்களுக்கு ஒருமுறை கையெழுத்துப் போடும் கூட்டு ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு ஷரத்து இருந்தது. ஒப்பந்தத்துக்கு அர்த்தம் சொல்வதில் தகராறு வந்தால், இருவருக்கும் சம்மதமான ஒருவரிடம் போக வேண்டும். அவர் சொல்வதற்கு இருவரும் கட்டுப்பட வேண்டும். அந்த ஒருவராக இருக்க முடியுமா என்று என்னைக் கேட்டார்கள். கணவர் காலமாகி, உத்தமபாளையம் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆபீசை விட்டு வந்த என்னை இன்னும் யாரோ நினைவில் வைத்திருக்கிறார்களே என்பதே பெரிதாகத் தெரிந்தது.

ஒப்புக்கொள்வதற்கு முன் ஒரு விஷயத்தை இரு தரப்புக்கும் தெரிவித்தேன். அடுத்த தெருவில் இருந்த என் தோழியின் தம்பி, அந்த எஸ்டேட் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. அவளும் நானும் தினமும் விடிந்ததும் வாய்க்கால் கரையில் நடக்கப் போவோம். அதனால் ஒன்றுமில்லை, உங்களை எங்களுக்குத் தெரியும் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. தம்பியைப் பற்றிப் பேசாமல் அவளால் அரை பர்லாங் நடக்க முடியாது.

“கேசு முடியிற வரைக்கும் நாம சேந்து நடக்க வேணாம்” என்று அவளிடம் சொன்னேன்.

அவள் சிரித்தாள். “என்னக்கா, நான் என்ன உங்களுக்கு லஞ்சமா குடுக்கப் போறேன்?”

“நீ குடுக்க மாட்ட. பாக்குறவுக அப்படி நெனைக்கக் கூடாதுல்ல.”

“எம்புட்டு நாளைக்கு?”

“ரெண்டு மூணு மாசம் ஆகும்.”

“சரிக்கா. முடிஞ்சதும் சொல்லுங்க” என்றாள். சிரிப்பு அடங்கியிருந்தது. மறுநாள் காலை நான் ஆற்றுப் பாலம் பக்கம் தனியாக நடந்தேன். ஆனி மாதக் காற்று பள்ளத்தாக்கு முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தபோது அந்தக் காற்றை நான் கவனித்ததே இல்லை.

தகராறு இதுதான். எஸ்டேட்டின் உச்சியில், காட்டை ஒட்டி, ஓடைத் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றும் பம்ப் ஹவுஸ் ஒன்று இருக்கிறது. பக்கத்திலேயே ஆள் தங்க இரண்டு அறைகள். வருடக்கணக்காக இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். நிர்வாகம் தானாக ஓடி நிற்கிற மோட்டார் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு, இருவரில் ஒருவரைக் கீழே ஃபேக்டரிக்கு மாற்றிவிட்டது. ஒப்பந்தத்திலோ, காட்டு விலங்கு நடமாடும் இடங்களில் இரவு வேலைக்கு இரண்டு பேரைப் போட வேண்டும் என்று இருந்தது. இப்போது அங்கே இரவு வேலையே இல்லை, மோட்டார் பகலில்தான் ஓடுகிறது, அவர் சும்மா தங்குகிறார், அவ்வளவுதான் என்றது நிர்வாகம். தங்குவதே வேலைதான் என்றது யூனியன்.

விசாரணையைச் சின்னமனூரில், மூடிக் கிடந்த ஒரு டுட்டோரியல் காலேஜின் மாடியில் வைத்தோம். இரு தரப்புக்கும் சொந்தமில்லாத இடம் வேண்டும் என்று தேடிப் பிடித்தது. கரும்பலகையில் யாரோ எழுதிய கணக்கு பாதி அழிந்து கிடந்தது. நான் மேஜையில் உட்கார்ந்தேன். மேனேஜர் ஒரு பக்கம், யூனியன் செயலாளர் மறுபக்கம். மேலே தனியாக மிஞ்சிய பம்ப் ஹவுஸ்காரர் சுவரோரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். மனைவியும் மகனும் காமயகவுண்டன்பட்டியில். மாதத்துக்கு ஒரு தடவை இறங்கி வந்து அவர்களைப் பார்த்துவிட்டு மலையேறிவிடுவார்.

முதல் நாள் காலை முழுவதும் காரசாரமாக வாதாடினார்கள். மத்தியானம் ஆனதும் எல்லோரும் எழுந்து எதிரே இருந்த மெஸ்ஸுக்குப் போனார்கள். நான் போகக் கூடாது. வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர்ச்சோற்றை ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். மெஸ்ஸின் வாசல் பக்கத்து மேஜை அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது. மேனேஜரும் செயலாளரும் எதிரெதிரே உட்கார்ந்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செயலாளர் ஏதோ சொல்ல, மேனேஜர் குனிந்து சிரித்தார். பம்ப் ஹவுஸ்காரருக்குச் சாம்பார் வாளியை மேனேஜரே தள்ளி வைத்தார். சண்டைக்காரர்கள் எல்லாரும் ஒரே மேஜையில் இருந்தார்கள். வகுப்பறையில் நான் மட்டும் இருந்தேன். ஆபீசில் எத்தனையோ தகராறுகளைப் பார்த்தவள்தான். இது எனக்குப் புதிது.

இடத்தைப் பார்க்காமல் எழுதக் கூடாது என்று நினைத்தேன். நிர்வாகம் ஜீப் அனுப்புவதாகச் சொன்னது. யூனியனும் வண்டி பிடித்துத் தருவதாகச் சொன்னது. இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, காலை அரசு பஸ்ஸில் மலையேறினேன். வளைவுக்கு வளைவு கீழே திராட்சைத் தோட்டமும் தென்னையும் சின்னதாகிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் மூடுபனி மறைத்துவிட்டது. பஸ்ஸில் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், நான் யார் என்று யாரோ காதில் சொன்னதும், எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டாள்.

மேலே மேனேஜரும் செயலாளரும் காத்திருந்தார்கள். மூவரும் ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். பம்ப் ஹவுஸ்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். மோட்டார் அறை பளிச்சென்று இருந்தது. தங்கும் அறைகள் இரண்டுக்கும் நடுவே பலகைச் சுவர். ஒன்றில் பாய், ரேடியோ, கம்பளி. மற்றது காலி, கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார்.

“யாரும் இல்லாத அறைய எதுக்குப் பெருக்குறீங்க?” என்று கேட்டேன்.

“குப்ப சேருதுல்லம்மா” என்றார். பிறகு அடுப்படிக்குப் போய்க் கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுவந்தார். பாலில்லாத டீயை அந்தப் பக்கம் கேரளத்துப் பேரில்தான் சொல்வார்கள். எங்கள் மூவருக்கும் மூன்று கிளாஸ். மேனேஜர் ஒன்றை எடுத்துக்கொண்டார், செயலாளர் ஒன்றை எடுத்துக்கொண்டார். எனக்கான கிளாஸை அவர் நீட்டியபடியே நின்றார்.

“எனக்கு வேணாம். தப்பா எடுத்துக்காதீங்க. கேசு நடக்கும்போது நான் யாருகிட்டயும் எதுவும் வாங்கிக் குடிக்கக் கூடாது.”

“வெறும் சாயாதானம்மா.”

“தெரியுது.”

கிளாஸைத் திண்டில் வைத்தார். நாங்கள் குழாய் போகும் பாதையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதும் அது அப்படியே இருந்தது. ஆவி அடங்கிவிட்டது. நல்ல குளிர். அந்த டீயைக் குடித்திருந்தால் வழக்கு கெட்டுப் போயிருக்காது என்று இன்றைக்குத் தோன்றுகிறது. ஆனால் அன்றைக்குத் திரும்பப் போனாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

அடுத்த விசாரணையில் மேனேஜர் பம்ப் ஹவுஸ்காரரைக் கேள்வி கேட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். குரலை உயர்த்தாமல்தான் கேட்டார்.

“உங்களுக்கு ஆனைன்னா பயமா?”

“ஆனைக்கு என்னங்கய்யா, அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும்.”

“அப்ப எதுக்கு இன்னொரு ஆள்?”

அவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தலை குனிந்துகொண்டார். பயம் என்றுதான் சொல்லச் சொல்லியிருப்பார்கள்.

“ஒரு ஆள் இருந்தா நல்லாருக்கும்” என்றார்.

“முன்னாடி இருந்தாரே, அவரோட நீங்க பேசுறது உண்டா?”

அவர் மறுபடியும் செயலாளரைப் பார்த்தார்.

“உங்க அக்கா மகனுக்கும் அவரு மகளுக்கும் நிச்சயம் பண்ணி, அது முறிஞ்சு போச்சு. அன்னையில இருந்து ரெண்டு பேரும் பேசுறதில்ல. எஸ்டேட் முழுக்கத் தெரியும். வருசக்கணக்கா ஒரே கூரைக்குக் கீழ இருந்தும் ஒரு வார்த்த கிடையாது. உண்மையா, இல்லையா?”

“உண்மதாங்கய்யா.”

“பேசாத ஆள் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?”

பம்ப் ஹவுஸ்காரர் மேனேஜரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“பேசலதாம்மா. ஆனா அங்கன ஒரு ஆள் இருந்தாரு. பலகைக்கு அந்தப் பக்கம் இருமுவாரு. விடியுமுன்ன எந்திரிச்சு வெந்நி வைப்பாரு, பாத்திரச் சத்தம் கேக்கும். நான் ரேடியோவச் சத்தமா வச்சா செவுத்தத் தட்டுவாரு. இப்ப எம்புட்டுச் சத்தமா வச்சாலும் தட்ட ஆளில்ல. அதான்.”

மேனேஜர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை குறிப்பில் எழுதினேன். எழுதும்போதே இது எனக்குப் பயன்படாது என்று தெரிந்தது. விலங்கு, இரவு, வேலை, இருவர் என்றெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. இருமல் இல்லை. எனக்கு அதிகாரம் கொடுத்தது அந்த ஒப்பந்தம்தான். அதில் இல்லாததை அதற்குள் கொண்டுவர எனக்கு உரிமையில்லை.

ஆகவே எனக்குத் தெரிய வேண்டியதை மேனேஜரிடம் கேட்டேன்.

“ராத்திரியில குழாய் ஒடஞ்சா, எந்திரிச்சுப் போய் வால்வை மூடுறது யாரு?”

“அவர்தான் மேடம்.”

“எனக்கு இது வேலை நேரமில்லன்னு சொல்லிட்டு அவர் படுத்துக்கிட்டா?”

மேனேஜர் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. “விளக்கம் கேட்டு மெமோ குடுப்போம்.”

அந்தப் பதிலில் வழக்கு முடிந்துவிட்டது. எழுந்து போகாவிட்டால் தண்டனை உண்டென்றால் அது வேலைதான். இரவில் செய்தால் இரவு வேலைதான். ஒப்பந்தப்படி இரண்டு பேர் வேண்டும். தீர்ப்பில் இதை எழுத இரண்டு பக்கம்கூடத் தேவைப்படவில்லை. பலகைச் சுவரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதினேன். திரும்பப் படித்துவிட்டு அடித்தேன். அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு யாராவது நடுவர் இரக்கப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்பார்கள். அது அவருக்குத்தான் நஷ்டம்.

கையெழுத்துப் போட்டு அனுப்பிய மறுநாளே தோழியின் வீட்டுக்குப் போனேன். “கேசு முடிஞ்சிருச்சு” என்றேன், வாசலிலேயே.

“வாங்கக்கா, உக்காருங்க” என்று காபி கொடுத்தாள். நல்லபடியாகத்தான் பேசினாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளிடம் அப்படி ஒரு கட்டுப்பாட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. நாளைக் காலை நடக்கப் போகலாமா என்று கேட்டேன்.

“முட்டி வலிக்கா இப்ப. டாக்டரு நடக்க வேணாம்னு சொல்லிட்டாக.”

அடுத்த வாரம், பண்ணைப்புரத்துக்கு ஒரு துக்கம் கேட்கப் போக விடியற்காலை பஸ்ஸில் ஏறினேன். வாய்க்கால் பாலத்தைத் தாண்டும்போது அவளைப் பார்த்தேன். இன்னொரு பெண்ணோடு கை வீசி நடந்துகொண்டிருந்தாள். கோபம் வரவில்லை. நான் இல்லாத மாதங்களில் அவளுக்கு வேறு துணை அமைந்துவிட்டது. நிர்வாகத்துக்கு எதிராகத் தீர்ப்பு எழுதியவளோடு நடக்க வேண்டாம் என்று தம்பியின் முகத்துக்காகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று நான் கேட்கவே இல்லை.

யூனியன் செயலாளர் சில மாதம் கழித்துப் போன் செய்தார். நன்றி சொல்ல ஆரம்பித்தார். தீர்ப்புக்கு நன்றி சொல்லக் கூடாது என்று நிறுத்தினேன். கேட்காமல் இருக்க முடியாமல், “மேல யாரப் போட்டாக?” என்றேன்.

“அதத்தானம்மா சொல்ல வந்தேன். மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு, யாரு போறீகன்னு கேட்டாரு. அந்தக் குளிருல யாரு போவா? பழைய ஆளு இருக்காருல்ல, அவரே வந்து நான் போறேன்னு பேரு குடுத்துட்டாரு. ஃபேக்டரியில அவருக்கு நல்ல வேலதான். ஏன்னு கேட்டதுக்கு, அங்கன தண்ணி நல்லாருக்கும்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.”

“ரெண்டு பேரும் பேசிக்கிறாகளா?”

“தெரியலயேம்மா. நான் கேட்டுக்கல” என்றார். பஸ் வந்துவிட்டதென்று போனை வைத்தார்.

அவர்கள் பேசுகிறார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தீர்ப்பு எழுதியதும் நடுவருக்கு அந்த மலையில் வேலை முடிந்தது. மேலே போய்ப் பார்க்கலாம்தான். என்ன சொல்லிக்கொண்டு போய் நிற்பது?

போன மாதம் தேனிப் பக்கம் ஒரு நூற்பாலையின் நிர்வாகமும் யூனியனும் சேர்ந்து என்னைக் கேட்டார்கள். ஷிஃப்ட் மாற்றும் தகராறு. இரு தரப்பிலும் யாரோடாவது பழக்கமோ உறவோ உண்டா என்று வழக்கம்போல் தெரிவிக்க வேண்டும். அந்த ஆலையில் வேலை பார்க்கிறவர்கள், அவர்களின் வீட்டார் என்று நிதானமாக யோசித்துப் பார்த்தேன். பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டிய ஆள் என்று ஒருவரும் தட்டுப்படவில்லை. அப்படியே எழுதி அனுப்பினேன். அடுத்த வாரம் முதல் விசாரணை. தேனியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கமாக ஒரு பொது இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.