ஒழுகின டிராக்டரும் எங்கள் வீட்டுக்காரரும்

டிராக்டர் வந்த பிறகு எங்கள் வீட்டுக்காரர் என்னிடம் பேசுவது குறைந்துபோயிற்று. பேச வேண்டியதையெல்லாம் அதற்கு அடியில் மல்லாந்து கிடந்து அதனிடமே பேசினார். எஞ்சினுக்குக் கீழே ஆயில் நிற்கிற தொட்டி ஒன்று உண்டு; சம்ப் என்பார்கள். அதன் விளிம்பில் ஆயில் சொட்டிக்கொண்டே இருந்தது. விடிந்தால் என் வாசலில் கறுப்பு வட்டம். கோலம் போட இடம் தேடித் தள்ளித் தள்ளிப் போய், பக்கத்து வீட்டு வாசலுக்கே வந்துவிட்டேன்.

முதலில் சவுக்காரத்தைக் குழைத்து அப்பினார். இது என்ன வைத்தியம் என்று கேட்டேன்.

"ஏட்டி, எஞ்சின் வேலையில உனக்கென்ன பேச்சு?"

"பேச்சு ஒண்ணுமில்ல. துவைக்கத்தான் சவுக்காரம் இல்ல."

பிறகு கோவில்பட்டிக்குப் போய், தொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே வைக்கிற பேக்கிங் அட்டையைப் புதிதாக வாங்கி வந்து மாட்டினார். சொட்டியது. ஊர் மெக்கானிக் அண்ணாச்சி வந்து இன்னொன்று மாட்டினார். அதற்கும் சொட்டியது. அதன் பிறகு டிராக்டர் என்று நான் வாயெடுத்தாலே இவருக்கு மூக்கு விடைக்கும்.

அந்தப் புரட்டாசியில், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் நல்ல மழை. ஒரு நாள் வெயிலில் சகதி வற்றினால் போதும், உளுந்து விதைக்க இறங்கிவிடலாம். விட்டால் ஈரம் போய்க் கரிசல் பாளம் பாளமாக வெடித்துவிடும். ஆயில் வற்றி நடுக்காட்டில் எஞ்சின் இறுகிக்கொண்டாலோ அந்த வருஷ விதைப்பே போச்சு. இவருக்குச் சோறு இறங்கவில்லை.

பூஜையன்று டீசல் போட்டு எஞ்சினைத் துடைத்தார். நான் திருநீற்றைக் குழைத்து மேலிருந்து கீழ்வரை தாராளமாகப் பூசினேன்.

"போதும்ட்டி, எஞ்சினுக்கா பூசுத, சாமியாருக்கா?"

"உங்க சவுக்காரத்துக்கு இது ஒண்ணும் மோசமில்ல."

எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, கோவிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தினார். மாலையைச் சரிசெய்யப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். காய்ந்த திருநீற்றின் மேல், எஞ்சின் உச்சியிலிருந்து ஒரு கறுப்புக் கோடு இறங்கி வந்து சம்ப் விளிம்பில் சொட்டாகத் தொங்கியது.

"ஏங்க, இங்கன வந்து பாருங்க."

வந்தவர் பழக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் போய்ப் படுத்துவிட்டார்.

"கீழ இல்லங்க! மேல இருந்துல்லா வழியுது!"

எழுந்து வந்து பார்த்தார். கோட்டின் மேலேயே விரலை ஏற்றிக்கொண்டு போனார். "டேப்பட் மூடி," என்றார் மெதுவாக. உச்சியில் இருக்கிற மூடியின் பேக்கிங்தான் கிழிந்திருக்கிறது. இத்தனை நாளும் தலையில் காயத்தை வைத்துக்கொண்டு காலுக்குக் கட்டுப் போட்டிருக்கிறோம்.

அண்ணாச்சியிடம் ஓடினார். அவரோ ஸ்பானர்களுக்கெல்லாம் சந்தனம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியிருந்தாராம். "இன்னைக்குத் தொடப்பிடாது. நாளைக்கு விடியவும் கற்பூரம் காட்டிட்டு எடுத்துட்டு வாரேன்," என்று அனுப்பிவிட்டார்.

சொன்னபடியே மறுநாள் விடிய வந்து, மூடிக்குப் புதுப் பேக்கிங் மாட்டினார். "யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

"நாங்கதான்," என்றார் இவர். 'நான்தான்' என்று சொல்லவில்லையே, அதுவே பெரிசு.

மதியம் கஞ்சி கொண்டுபோனேன். பாதிக் காடு விதைத்திருந்தார். வரப்போரம் நிறுத்தி இறங்கியவர், கஞ்சியைப் பார்க்காமல் எஞ்சினுக்கு அடியில் குனிந்தார். நானும் குனிந்தேன். ஒரு சொட்டு இல்லை.

"நல்ல பேக்கிங்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"ஆமா, பேக்கிங் கெட்டிக்காரப் பேக்கிங்," என்று சொல்லிக் கஞ்சியை ஊற்றினேன். மிச்சக் காட்டையும் பொழுது அடையுமுன் விதைத்து முடித்தார்.