வால் நிற்கும் வரை

ஆஸ்பத்திரி விறாந்தையில் எனக்கு முதலில் தட்டுப்பட்டது என் கணவரின் இடது பாதம். தள்ளுகட்டிலில் கண்மூடிக் கிடந்தார். அந்தப் பாதம் மட்டும் அங்கே இல்லாத எதையோ அழுத்திக்கொண்டிருந்தது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. பறப்புப் பயிற்சிக் கழகத்தின் பழைய வால்சக்கர விமானத்தை (தரையில் மூக்கை உயர்த்தி, பின்னால் ஒரு சிறு சக்கரத்தில் குந்தியிருப்பது) அவர் இறக்கியபோது சோளகக் காற்று பக்கவாட்டில் அடித்தது. சக்கரங்கள் தரையைத் தொட்டதும் வேலிக்கு வெளியே நின்ற நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். அவ்வகை விமானத்தில் ஆபத்து அதற்குப் பிறகுதான் என்று எனக்குத் தெரியாது. மூக்கு இடப்பக்கம் திரும்பியது. வால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. ஓர் இறக்கை தரையில் உரசி முறிந்தது.

மூக்கை வலப்பக்கம் மீட்க வலது கால்மிதியை அழுத்த வேண்டியவர் இடதை அழுத்தியிருந்தார். அவர் பருத்தித்துறைக் கடலோடி வீட்டுப் பிள்ளை. வள்ளம் இடப்பக்கம் இழுத்தால் சுக்கான் கையையும் (சுக்கானைத் திருப்பும் தடி) இடப்பக்கமே தள்ள வேண்டும். அப்போதுதான் வள்ளம் வலப்பக்கம் மீளும். கைகளில் பாய்க்கயிறு இருக்கும்போது அதைக் காலால் தள்ளுவார்கள். பதறிய நேரத்தில் கால் கடலில் பழகியதையே செய்துவிட்டது.

எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் எழுந்து உட்கார்ந்தாலே அறை இடப்பக்கமாகச் சுழன்றது. உட்செவியில் (உடலின் சமநிலையைக் காக்கும் இடம்) அடிபட்டிருப்பதாக டொக்டர் சொன்னார்.

"இவர் நடப்பாரோ, டொக்டர்?"

"சிலர் நடப்பினம். சிலருக்குச் சுத்தல் நிக்கிறேல்லை. பாப்பம்."

அந்தப் 'பாப்பம்' மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

வீட்டில் தலையை மெல்லத் திருப்பும் பயிற்சிகளைச் செய்வித்தேன். மாதங்கள் போயின. சுவரைப் பிடித்து நின்றாலும் விழுந்தார். விழுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும், "இஞ்சை பாரும், வால் வருது," என்பார். உடனே இடது பாதம் நிலத்தை அழுத்தும்.

வீடு அசையவில்லை என்று அவருக்குக் காட்ட, கட்டிலருகே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். அது அசையவேயில்லை. ஒரு மாலை, காற்றே இல்லாத நேரம், "வருது" என்றார். பாதம் அழுத்தியது. தண்ணீர் இடப்பக்க விளிம்புக்கு மெல்ல ஏறி, அங்கேயே சற்று நின்று, இறங்கியது. நான் அதை யாருக்கும் சொல்லவில்லை. பயந்துபோனேன்.

அவருடைய தம்பிதான், "அண்ணையை ஒருக்கா வள்ளத்திலை இருத்திப் பாப்பம்," என்றான்.

"நிலத்திலையே நிக்கமாட்டாதவரைக் கடலுக்கோ? உமக்கென்ன விசரோ?" என்று ஏசினேன். டொக்டரைக் கேட்டேன். அவர் சிரித்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை.

மூவரும் வள்ளத்தில் கரையைவிட்டு விலகியதும் எல்லாமே ஆடியது. அவர் மட்டும் நிமிர்ந்து இருந்தார். வள்ளம் இடப்பக்கம் இழுத்தபோது அவரது பாதம் சுக்கான் கையை இடப்பக்கம் தள்ளியது. வள்ளம் நேராகியது. "வால் நிண்டிட்டுது," என்றார். நான் வாய்விட்டு அழுதேன்.

அதற்குப் பிறகு அடிக்கடி கடலுக்குப் போனார். கொஞ்சங்கொஞ்சமாக நிலத்திலும் நடந்தார். இப்போது சந்தைக்குச் சைக்கிளில் போய்வருகிறார். இதே நோயோடு வீட்டில் ஒருவரை வைத்திருப்பவர்கள் நம்பிக்கையோடு இருங்கள். ஆனால் உங்கள் உடம்பையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

போன கிழமை குசினியில் பலகையில் குந்தியிருந்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் வந்து நின்ற என் கணவர் என் காலையே பார்த்தார்.

"என்னப்பா செய்யிறீர்?"

குனிந்து பார்த்தேன். என் இடது பாதம் நிலத்தை அழுத்திக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அவருடைய விமானம் எப்போதோ நின்றுவிட்டது. நான் இன்னும் அந்த வேலியோரம் நிற்கிறேன். சக்கரங்கள் இப்போதுதான் தரையைத் தொட்டிருக்கின்றன.

சட்டியில் அரிசித் தண்ணீர் மெல்ல இடப்பக்கம் ஏறியது.